தேவசேனா அத்தையும் பழுப்புத் தண்ணீரும்

என் அத்தை தேவசேனா, வாயில் போடும் எதையும் முதலில் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். புது டீத்தூள் வாங்கினால் ஒரு சிட்டிகையைப் பச்சைத் தண்ணீரில் தூவிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருப்பாள். கொதிக்காத தண்ணீரிலேயே சிவப்பு இறங்கினால் அது சாயம் போட்ட தூள். மிளகாய்த்தூளுக்கும் இதே சோதனைதான். பச்சைப் பட்டாணி ஊறவைத்த தண்ணீரை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பாள். ஒரு கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை இலை ஓரத்துத் தண்ணீரில் தேய்த்துப் பார்த்தாள். பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். எங்கள் தெருவில் அது இன்றும் ஓடும் கதை.

"கலர் இன்ஸ்பெக்டர் வந்துகினு கீறாங்க, இலையை மூடுங்கடி" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"சிரிங்க, சிரிங்க. துன்னுட்டு நாக்கை நீட்டுங்க. இன்னா கலர்னு நான் சொல்றேன்" என்பாள் அத்தை.

இந்தக் கண் அவளுக்கு வேலையில் வந்தது. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் நகரியில், ஒரு சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். சாயம் ஏறிய நூலை அலசுவாள், பிழிவாள், கம்பங்களில் மாட்டி உலர்த்துவாள். கடைசியில் ஒரு சிட்டத்தை, அதாவது முறுக்கிக் கட்டிய நூல் கற்றையை, வெயிலில் தூக்கிப் பிடித்து மாதிரி நூலோடு ஒப்பிடுவாள். அவள் தலையசைத்தால் நூல் தறிக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் தொட்டிக்குப் போகும். முதலாளி வேதாச்சலம் கூட அவளை எதிர்த்துப் பேசமாட்டார்.

நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவுக்கு அவள் அக்கா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அதனால் காலை டீ அத்தைக்கு எங்கள் வீட்டில்தான்.

இப்படிப்பட்டவள் போன கோடையில் ஒரு விஷயத்தை நம்பிவிட்டாள். அவளே நம்புகிறாள் என்பதால் என் அம்மா பச்சையம்மாள் இன்சுலின் ஊசியை நிறுத்தத் துணிந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆறு வருடமாகக் காலையும் மாலையும் வயிற்றில் ஊசி. இந்தக் கதையில் கடைசி வரை எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

எல்லாம் ஒரு ரோஸ் நிற மாத்திரையில் தொடங்கியது. அத்தைக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் வெள்ளை மாத்திரை கொடுப்பார்கள். மார்ச் மாதம் அது ரோஸ் நிறத்தில் வந்தது. "அதே மருந்துதான் அக்கா, கம்பெனி மாறியிருக்கு" என்றாள் நர்ஸ் உதயா. அத்தை சரி என்று வாங்கிக்கொண்டு வந்து வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் ரோஸ் ஆனது.

"பாத்தியா பச்சே? மாத்திரைக்கும் சாயம் போட்றாங்க. பட்டறையில கையால தொட்டது போதாதுன்னு வாயால வேற துன்னணுமா?"

அவளுக்குப் பழைய பயம் ஒன்று உண்டு. அவளுடைய நகக் கண்களில் எப்போதும் நீலம் இருக்கும். சில நாள் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் பச்சை வரும். இத்தனை வருடச் சாயம் உள்ளே எங்கேயோ போய்ப் படிந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது எங்கே இருக்கிறது, எப்படி வெளியே வரும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அந்த வாரம்தான் பட்டறைப் பெண்களின் வாட்சப்பில் ஒரு விளம்பரம் வந்தது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. உணவாலும் தண்ணீராலும் இருபத்தொரு நாளில் உடம்பின் விஷத்தை வெளியேற்றுவோம். முதல் நாள் இலவசம். திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடி.

தெலுங்குப் படிவம் நிரப்ப அத்தை என்னைக் கூட்டிப் போனாள். இண்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு நான் வீட்டில்தான் இருந்தேன். காலை ரயிலில் போனோம். மாடியில் சாம்பிராணி வாசனை. சுவர் முழுக்கப் பழங்களின் படம். வரிசையாக ஆறு நாற்காலி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி. சுஷ்மிதா என்ற பெண் படிவம் கொடுத்தாள். முதல் கேள்வி பெயர். இரண்டாவது, என்ன தொழில், எத்தனை வருடம். "சாயப்பட்டறை, 22 வருடம்" என்று எழுதினேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்பது பிற்பாடு எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

அந்த நிலையத்தை நடத்துகிறவர் கோகுலகிருஷ்ணன். சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. டாக்டரா என்று அத்தை கேட்டதற்கு, "டாக்டர்னா மருந்து குடுப்பாங்கம்மா. நான் மருந்தே குடுக்கறதில்லையே" என்று சிரித்தார். அது பதில் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சுஷ்மிதா தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினாள். ஒரு டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி வெள்ளையாக எதையோ போட்டுக் கலக்கினாள். ஒயர் கோத்த ஒரு உலோகச் சுருளை உள்ளே வைத்தாள். அத்தை கால்களை வைத்ததும் முழங்கால் மேல் ஒரு துண்டை விரித்துத் தொட்டியை மூடினாள். சுவிட்சைப் போட்டாள். இருபது நிமிடம் கழித்துக் கோகுலகிருஷ்ணன் வந்து துண்டை எடுத்தார்.

தண்ணீர் பழுப்பாக இருந்தது. மேலே நுரை. அடியில் கரும்பச்சைத் திட்டுகள்.

"இருபத்திரண்டு வருஷ சாயம்மா" என்றார் அவர். "இது முதல் நாள் வந்தது. இன்னும் எவ்வளவு உள்ள இருக்கோ."

அத்தையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நிறத்தில் யாராலும் ஏமாற்ற முடியாதவள் அந்த நிறத்தில்தான் விழுந்தாள். ரயிலில் திரும்பும்போது சொன்னாள்: "பட்டறைக்குப் பின்னாடி கால்வாய் கீதே, பாத்துக்கீறியா? நீலம் உடுவோம், செவப்பு உடுவோம், பச்சை உடுவோம். எல்லாம் கலந்து கடைசியில இன்னா கலர் ஆவுது? இதே கலர்தான். இதே நொரை. வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன். நான் தெனம் பாக்கிற கலர் இது."

சாயவேலை செய்யாத ஒருத்தி அந்தத் தண்ணீரைப் பார்த்து ஏதோ அழுக்கு என்று நினைத்திருப்பாள். அத்தைக்கு மட்டும் அது ஒரு சாட்சியாக இருந்தது.

மறுநாளிலிருந்து கட்டுப்பாடு தொடங்கியது. அவர்கள் கொடுத்த அட்டையில் எல்லாம் இருந்தது. எழுந்ததும் எலுமிச்சை பிழிந்த தண்ணீர் ஒரு லிட்டர். பிறகு சாம்பல் பூசணிச் சாறு. மத்தியானம் வேகாத காய், வாழைத்தண்டு. மாலை பார்லித் தண்ணீர். ஒரு நாளைக்கு ஏழு லிட்டர் தண்ணீர் குடித்து ஒவ்வொரு டம்ளருக்கும் டிக் போட வேண்டும். உப்பு ஒரு கல் கூடக் கூடாது, உப்புதான் விஷத்தைப் பிடித்து வைக்கிறது. மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். "மாத்திரையும் ஒரு சாயம்தானேம்மா" என்று கோகுலகிருஷ்ணன் சொன்னாராம். அது அத்தையே அவரிடம் சொன்ன வார்த்தை.

தெருவில் பேச்சு கிளம்பியது. தேவசேனாவே போறாளாம். தேவசேனாவே மாத்திரையை உட்டுட்டாளாம். அவளுடைய சந்தேகம் அவ்வளவு பேர் போனது. அதனால் அவளுடைய நம்பிக்கைக்கும் மதிப்பு வந்துவிட்டது. பட்டறையில் நான்கு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். ஐந்தாவது பெயர் என் அம்மா.

"ஆறு வருஷமா குத்திக்கினு கீறேன்" என்றாள் அம்மா, வயிற்றைத் தடவிக்கொண்டு. "எடமே இல்ல குத்தறதுக்கு. அண்ணி, ஊசியும் உடணும்தானே?"

"சார் உடச் சொல்வாரு. திங்கக்கிழமை உன்னை இட்டுகினு வரச் சொன்னாரு. அன்னிலேருந்து ஊசி கெடையாது."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் விசைத்தறிச் சத்தத்தில் காது மந்தமானவர், பேச்சும் குறைவு. "அக்காவே நம்பிட்டாங்க. நான் இன்னா சொல்றது?" என்றார்.

"நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே" என்றேன்.

"எந்த நர்ஸு? ரோஸ் மாத்திரை குடுத்தாளே, அவளா?" என்றாள் அத்தை.

ஆறாம் நாள் அத்தைக்குத் தலைவலி வந்தது. ஏழாம் நாள் வாந்தி. நிலையத்துக்குப் போன் செய்தோம். "ரொம்ப நல்லதும்மா, விஷம் கிளம்புது. தண்ணிய இன்னும் அதிகமாக்குங்க" என்றார்கள். எட்டாம் நாள் தூக்கமே இல்லை. அதுவும் நல்லதாம். வலி இருந்தால் விஷம் வெளியேறுகிறது, வலி இல்லாவிட்டால் உடம்பு சுத்தமாகிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் அவர்கள் சொல்வது சரியாகவே வந்தது. எனக்குச் சந்தேகம் முதலில் பிடித்தது அங்கேதான். தப்பாகப் போக வழியே இல்லாத ஒரு பேச்சு எப்படி உண்மையாக இருக்கும்?

ஒன்பதாம் நாள் பட்டறையில் அது நடந்தது. அத்தை ஒரு சிட்டத்தை வெயிலில் தூக்கிப் பார்த்துத் தலையசைத்தாள். வேதாச்சலம் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார்.

"இன்னா தேவசேனா இது? கருநீலம் கேட்டாங்க. இது கறுப்பு."

அத்தை மறுபடி பார்த்தாள். அவளால் சொல்ல முடியவில்லை. அலசும் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. வேதாச்சலம் அவளை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார்.

அன்று மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். டீ கேட்கவில்லை. "கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் தெரியல" என்று இரண்டு தடவை சொன்னாள். விஷம் போகிறது என்றால் கண் தெளியத்தானே வேண்டும் என்று தனக்குள் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அடுத்த நாள் வியாழக்கிழமை, நிலையத்துத் தொட்டிக்குப் போக வேண்டிய நாள். அத்தைக்குத் தலை சுற்றல் இருந்ததால் நானும் கூடப் போனேன். புத்தூரில் ரத்னம்மா ஏறினாள். அங்கே இட்லிக் கடை வைத்திருப்பவள், அதே நிலையத்துக்கு வருகிறவள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவாள்.

"ஏம் அக்கா, முகம் வாடிப் போய் இருக்கு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. உனக்கு எப்டி போவுது?"

"நாக்கு பாகுந்தி. நல்லாத்தான் இருக்கேன். போன தடவை தொட்டியில எவ்ளோ வந்துச்சு தெரியுமா? இருபது வருஷ எண்ணெய், அடுப்புப் புகைன்னாரு சார்."

அத்தை நிமிர்ந்தாள். "எண்ணெயா? இன்னா கலரு?"

ரத்னம்மா அப்போதுதான் டீ விற்பவனிடமிருந்து காகிதக் கப்பை வாங்கியிருந்தாள். அதைக் காட்டினாள். "இதோ, இந்த ரங்கு. வெல்லப்பாகு மாதிரி. மேல நொரை."

"அடியில பச்சையா திட்டு திட்டா?"

"அவுனு! உனக்கு எப்டி தெரியும்?"

அத்தை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரேணிகுண்டா தாண்டியதும் என் காதருகில் சொன்னாள்:

"நான் சாயத்துல நின்னேன். இவ எண்ணெய்ல நின்னா. ரெண்டும் ஒரே கலர் எப்டி ஆகும்? எந்தத் தொட்டியில எதைப் போட்டாலும் ஒரே கலர் வந்தா, கலர் நூல்லேருந்து வர்ல. தொட்டியிலேருந்து வருது."

திருப்பதியில் இறங்கியதும் நேராக நிலையத்துக்குப் போகவில்லை. ஒரு துணிக்கடை வாசலில் நின்று தன் பையைத் திறந்தாள். பட்டறையிலிருந்து வருகிறவள் பையில் எப்போதும் இரண்டு மூன்று மாதிரிச் சிட்டம் கிடக்கும். வெளுத்த வெள்ளைச் சிட்டம் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாடியில் அன்று ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுஷ்மிதா தண்ணீர் ஊற்றி, டப்பாவைத் திறந்தாள்.

"இன்னாம்மா அது?" என்றாள் அத்தை.

"உப்புக்கா."

"உப்பா? உப்பு விஷம்னு சொல்லி என் வாயைக் கட்டினீங்க. தொட்டிக்கு மட்டும் போட்றீங்க?"

"அது... கரண்ட் போகறதுக்குக்கா. சார் சொன்னாரு." சுஷ்மிதா சுருளை வைத்துச் சுவிட்சைப் போட்டாள். "காலை வைங்க."

"தண்ணி சுடுது. ஒரு நிமிஷம் ஆறட்டும், நானே வெச்சிக்கிறேன்."

சுஷ்மிதா துண்டை விரித்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். அத்தை துண்டுக்கு அடியில் கையை விட்டாள். வெள்ளைச் சிட்டம் தண்ணீருக்குள் போனது. அவளுடைய கால்கள் தொட்டிக்குப் பின்னால், உலர்ந்த தரையில் இருந்தன. எனக்கு மட்டும் தெரிந்தது. இருபது நிமிடமும் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி, சாமி கும்பிடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கோகுலகிருஷ்ணன் வந்தார். துண்டின் ஓரத்தை மட்டும் தூக்கித் தண்ணீரைப் பார்த்தார். அதே பழுப்பு.

"பாத்தீங்களா! போன தடவையைவிட அதிகமா வந்திருக்கு. கல்லீரல் திறந்துடுச்சும்மா."

"கல்லீரலா சார்?"

"ஆமா. இந்தப் பழுப்பு கல்லீரல்லேருந்து வர்றது."

அத்தை துண்டை எடுத்தாள். பழுப்புத் தண்ணீரிலிருந்து சிட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள், பட்டறை வெயிலில் பிடிக்கிற மாதிரியே. சொட்டச் சொட்ட அது செம்பழுப்பாக இருந்தது.

"நூலுக்குக் கல்லீரல் எங்க சார் கீது?"

யாரோ சிரித்தார்கள். ரத்னம்மா தன் தொட்டியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். சுஷ்மிதா வாயைப் பொத்திக்கொண்டாள். கோகுலகிருஷ்ணன் ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு அதே மெதுவான குரலில் சொன்னார்:

"அம்மா, இது சாதாரண யந்திரம் இல்ல. உடம்பு விஷம் கிடைக்காட்டி அறைக் காத்துல இருக்கிற விஷத்தை இழுக்கும். உங்க நூல்லயே எவ்வளவு ரசாயனம் இருக்கும்? அதைத்தான் இழுத்திருக்கு."

பின் நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் "அவுனு, நிஜமே" என்று தலையாட்டினார். அவர் காலை எடுக்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கண்ணெதிரே பார்த்த பிறகும் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அத்தை சண்டை போடவில்லை. சிட்டத்தைப் பிழிந்து பாலித்தீன் பையில் போட்டாள். படி இறங்கும்போது சுஷ்மிதா பின்னாலேயே வந்தாள். "அக்கா, நான் சேர்ந்து ரெண்டு மாசம்தான். ராத்திரி தொட்டி கழுவும்போது அந்தச் சுருள் மெலிஞ்சுக்கினே போவுது. மாசம் ஒண்ணு மாத்தறோம். ஏன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

வீடு திரும்பும் வழியில் நகரி சுகாதார நிலையத்தில் நான் பிடிவாதமாக அத்தையை இறக்கினேன். உதயா கொதிப்பு பார்த்தாள். பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ஏழு லிட்டர் தண்ணீர், ஒன்பது நாள் உப்பில்லை, மாத்திரை இல்லை என்றதும் உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். ரத்தம் எடுத்தார்கள். கொதிப்பு ஏறியிருக்கிறது, உடம்பில் உப்பு கரைந்து இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு நாள் படுக்க வைத்தார்கள்.

"கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொன்னோம். ஒழிக்கச் சொன்னோமா?" என்றாள் உதயா. "விஷத்தை எடுக்கறதுக்குத்தான் ரெண்டு சிறுநீரகமும் ஒரு கல்லீரலும் கீது. தாகத்துக்குக் குடிங்க, காய் துன்னுங்க. அதுங்க வேலையை அதுங்க பாத்துக்கும்."

"அந்த மாத்திரைக்கு ஏன் ரோஸ் கலரு?" அத்தை விடவில்லை.

"மாத்திரை மாறிப் போகாம இருக்க மேலே பூசறாங்க அக்கா. நீங்க சிட்டத்துக்குக் கலர் நூல்ல முடிச்சு போட்றீங்களே, எதுக்கு?"

அத்தை யோசித்தாள். பிறகு மாத்திரையை விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பினாள். அம்மா மனம் மாறியிருப்பாள் என்று நினைத்தேன். மாறவில்லை. நிலையத்திலிருந்து அவளுக்குத் தனியாகப் போன் வந்திருந்தது. உங்கள் அண்ணி பாதியில் விட்டதால்தான் மயக்கம், விஷம் பாதி வழியில் நின்றுவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். மற்ற நான்கு பெண்களும் தயங்கிப் பின்வாங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் எலுமிச்சம்பழம் ஒரு டஜன் வாங்கி வைத்திருந்தாள். அவர்களுக்கெல்லாம் தினம் இரண்டு குத்து இல்லையே.

திங்கட்கிழமை காலை. அம்மா குளித்துப் புடவை மாற்றியிருந்தாள். காலை ஊசி போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அத்தை பாலித்தீன் பையோடு வந்தாள். சிட்டம் காய்ந்து, துருப்பிடித்த ஆணி நிறத்தில் இருந்தது.

"ஊசி போட்டியா?"

"இன்னிக்கிலேருந்து கெடையாது அண்ணி. நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. நான் கால் வெக்கல, நூலுதான் வெச்சேன். தண்ணி பழுப்பு ஆச்சு. உன் பொண்ணு பாத்தா."

"காத்துல கீற விஷத்தையும் இழுக்குமாமே. அப்போ நல்ல மிஷின்தானே? இத்தனை வருஷம் நீ எதைத்தான் நம்பின? டீத்தூளைக்கூட நம்பமாட்ட."

அது அத்தைக்குப் பட்டது. சமையலறைக்குள் போனாள். ஏழு லிட்டர் தண்ணீருக்காக அம்மா வாங்கி வைத்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து இரண்டாக அரிந்தாள். ஒரு வெள்ளைத் தட்டில் சிட்டத்தைப் பாதிக்கு விரித்தாள்.

"பச்சே, இங்க வா. நீ நூல் சுத்தறவ. வெள்ளை நூல்ல ஆணித் துரு பட்டா இன்னா செய்வ?"

அம்மா வாசற்படியிலேயே நின்றாள். "எலுமிச்சம்பழம் தேய்ப்பேன். வெயில்ல வெப்பேன்."

"நம்ம சாயம் எலுமிச்சம்பழத்துல போவுமா?"

"பட்டறைச் சாயம் எப்டிப் போவும்? ஒரு தடவை ஏறிட்டா எறங்குமா?"

"எண்ணெய் போவுமா?"

அம்மா சிரித்தாள். "எண்ணெய்க்கு சோப்பு போடணும்."

அத்தை பழத்தைப் பிழிந்தாள். சாறு செம்பழுப்பில் இறங்கியது. கட்டைவிரலால் தேய்த்தாள். இன்னொரு மூடியையும் பிழிந்தாள். தட்டை ஜன்னலில், வெயில் விழும் இடத்தில் வைத்தாள். மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் சிட்டத்தின் ஒரு பாதி மஞ்சளானது, பிறகு வெளிறியது, பிறகு அம்மா கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு வெள்ளையானது. மறு பாதி அப்படியே பழுப்பாக இருந்தது.

"துரு" என்றாள் அம்மா.

"துருதான். உப்புத் தண்ணியில இரும்பைப் போட்டு கரண்ட் உட்டா துருதான் வரும். என் உடம்புலேருந்து வந்திருந்தா சாயம் வந்திருக்கணும். ரத்னம்மா உடம்புலேருந்து வந்திருந்தா எண்ணெய் வந்திருக்கணும். ரெண்டு பேருக்கும் துரு எப்டி வரும்? நாங்க இன்னா ஆணியா துன்னோம்?"

நைனாதான் முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பாதி வெள்ளையும் பாதி பழுப்புமாக இருந்த சிட்டத்தைக் கையில் எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். புரட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஊசி இல்லாத ஒரு நாள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டுப் போனதை நினைத்திருப்பாள்.

"அப்போ இந்த ஊசி சாகற வரைக்குமா அண்ணி?"

"எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது கலரு மட்டும்தான். உதயாவைக் கேப்போம். அவளையும் நம்ப வேணாம், ரெண்டு தடவை கேப்போம். அதுவரைக்கும் குத்திக்கோ."

அம்மா பிரிட்ஜிலிருந்து இன்சுலின் குப்பியை எடுத்தாள். அத்தை எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஊசி தோலுக்குள் போய் வெளியே வரும் வரை கண் எடுக்காமல் பார்த்தாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த மாடியில் இப்போது பலகை இல்லை. சந்திரகிரிப் பக்கம் வேறு பெயரில் நடக்கிறது என்று ரத்னம்மா சொன்னாள். அந்தப் பெரியவர் அங்கேயும் போகிறாராம். அத்தை சாம்பல் பூசணியையும் வாழைத்தண்டையும் விடவில்லை, ஆனால் உப்புப் போட்டு, கூட்டாகச் செய்து சாப்பிடுகிறாள். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும். தாகம் எடுத்தால் தண்ணீர், டிக் கிடையாது. பட்டறையில் கையுறையும் முகத்துணியும் வேண்டும் என்று வேதாச்சலத்திடம் கேட்டு, அங்கே வேலை செய்யும் ஐந்து பெண்களுக்கும் வாங்கிவிட்டாள். உள்ளே போனதை எடுப்பதைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை.

காலை டீக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பிரிட்ஜைத் திறப்பது. குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள். நேற்று அவளே பேனாவால் போட்ட கோட்டுக்குக் கீழே மருந்து இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் புதுக் கோடு போடுவாள். பிறகுதான் உட்காருவாள்.

"என்னையும் நம்பலையா அண்ணி?" என்று அம்மா கேட்பாள்.

"உன்னைத்தான் மொதல்ல நம்பமாட்டேன். டீ குடு" என்பாள் அத்தை.